'மருந்து' என்று தேடினால் மாத்திரைதான் வருகிறது

(சிவகாசி வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரின் பேச்சு. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கிச் சீராக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை இணையத்தில் ஆராய்ச்சி பண்ண வைக்கலாமா, வைத்தால் எப்படி வைப்பது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஆராய்ச்சி என்றதும் பெரிய வார்த்தையாத் தெரியும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்பீங்க. ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு, மூணு நாலு இடத்தில் பார்த்து, ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சு, 'இதனால இப்படின்னு நான் நினைக்கிறேன்' என்று சொன்னால் அதுதான் ஆராய்ச்சி. அதை ஒன்பது வயசுப் பிள்ளை தாராளமாப் பண்ணும். ஆனால் பாதையை நாம் போட்டுக் கொடுக்கணும். முதல் தடவை நான் அதைப் போடாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு நடந்ததில் இருந்தே தொடங்குகிறேன்.

தேடச் சொன்ன நாள்

எங்கள் பள்ளி பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் இருக்கிற கிராமத்தில் இருக்கிறது. காலையில் ஆலை வேன் வந்து பெரியவங்களை ஏத்திக்கிட்டுப் போயிரும். பிள்ளைகள் தாங்களாகவே கிளம்பி வந்து, பள்ளியில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும். நாலாவதும் அஞ்சாவதும் சேர்த்து எனக்கு 26 பிள்ளைகள். பாதிக்கு மேல் வீட்டில் யாராவது ஒருத்தர் பட்டாசு ஆலைக்குப் போறவங்க. மிச்சப் பேர் தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம், நூறு நாள் வேலை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வாங்க. வெளியூரில் இருந்து மாறுதலாகி வருகிற ஆசிரியர்கள் முதல் வாரம் குழம்பிப் போவாங்க. "எல்லாப் பிள்ளைகளோட அம்மாவும் ஆபீஸ்ல வேலை பாக்குறாங்களே" என்று ஆச்சரியப்படுவாங்க.

பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை வந்தது. ஆசிரியருக்கு ஒரு டேப்லெட்டும் கொடுத்தாங்க. எனக்கும் ஆசை வந்திருச்சு. 'எங்கள் ஊர்' என்று ஒரு செயல்பாடு வைத்தேன். அஞ்சஞ்சு பேராக் குழு பிரித்து, "நம்ம ஊரைப் பத்தி இணையத்தில் தேடிப் பத்து வரி எழுதுங்க" என்றேன். தட்டச்சு தெரியாத பிள்ளைகள்கூட மைக்கை அழுத்திப் பேசித் தேடலாம். தேடுவது எல்லாருக்கும் தெரியட்டும் என்று பெரிய திரையிலும் இணைத்து வைத்தேன்.

முதல் குழுப் பையன் டேப்லெட்டைப் பார்த்து 'சிவகாசி' என்று சத்தமாச் சொன்னான். வந்தது எல்லாம் வெடி விபத்துச் செய்தி. இடிந்த அறை, புகை, ஆம்புலன்ஸ். நான் வேகமா அடுத்த பக்கம் தள்ளினேன். அதுவும் அதே. அதற்குள் ஒரு பொண்ணு, வகுப்பிலேயே நல்லா வாசிக்கிற பொண்ணு, திரையில் இருந்ததை வழக்கம்போல உரக்க வாசிக்க ஆரம்பிச்சிருச்சு. இறந்தவங்க பெயர்ப் பட்டியல் அது. மூணாவது பெயரில் நிறுத்திட்டா. அது அவளோட சித்தப்பா பெயர்.

திரையை அணைத்தேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகிட்டா. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூணாவது நாள் அவங்க அம்மா வந்தாங்க. "டீச்சர், அவ சித்தப்பா ஆஸ்பத்திரியில உடம்புக்கு முடியாம இறந்துட்டாருன்னுதான் சொல்லி வச்சிருந்தோம். கொஞ்சம் வளந்ததும் நாங்களே சொல்லலாம்னு இருந்தோம். போர்டுல படிச்சுட்டு வந்துட்டா" என்றாங்க. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். அவங்க திட்டவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. இன்னொரு குழு 'பட்டாசுக்குள்ள என்ன இருக்கு' என்று தேடணும் என்று முடிவு பண்ணியிருந்தது. எங்கள் ஊரில் வெடிக்குள் இருக்கிற ரசாயனக் கலவைக்கு 'மருந்து' என்று பெயர். மருந்து கலக்குற அறை, மருந்து அடைக்கிறது, எல்லாம் அன்றாடப் பேச்சு. பிள்ளைகள் மைக்கை அழுத்தி 'மருந்து' என்றதும் இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் வரிசையா வந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பிறகு நானும் யோசித்தேன். நம்ம ஊர்ச் சொல் இணையத்துக்குத் தெரியாது. நம்ம ஊரைப் பற்றி அதுக்குத் தெரிந்ததெல்லாம் வெளியில் இருந்து வந்தவங்க எழுதினது. அதுவும் ஏதாவது கெட்டது நடந்த அன்றைக்கு எழுதினது. அதைப் போய் ஒன்பது வயசுப் பிள்ளைகளிடம், ஒரு வடிகட்டலும் இல்லாமல், 'இதுதான் உங்க ஊர்' என்று காட்டியிருக்கிறேன்.

பாதை போட்ட ஒருத்தர்

அதற்குப் பிறகுதான் இந்த முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். 'வெப்குவெஸ்ட்' என்று பெயர். இணையவழித் தேடல் பணி என்று வைத்துக்கொள்ளலாம். புதுசு இல்லைங்க. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்கிற பேராசிரியர், டாம் மார்ச் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினது. கூகுள் நிறுவனமே பிறக்காத காலம்.

அதில் ஆறு பகுதி. முதலில் பிள்ளைக்கு ஆர்வம் வருகிற மாதிரி ஓர் அறிமுகம். அப்புறம் பணி, அதாவது கடைசியில் நீங்க என்ன செய்து தரணும் என்பது. மூணாவது செயல்முறை, படிப்படியா எப்படிப் போகணும். நாலாவது ஆதாரங்கள், எந்தெந்தப் பக்கத்தைப் பார்க்கணும் என்று ஆசிரியரே முன்கூட்டிப் பொறுக்கி வைத்தது. அஞ்சாவது மதிப்பீடு, எது நல்ல வேலை என்று தொடங்கும்போதே சொல்லிவிடுவது. ஆறாவது முடிவு, நாம் என்ன கற்றோம், அடுத்து எதைக் கேட்கலாம் என்பது.

நான் தவறவிட்டது நாலாவதை. டாட்ஜ் சொல்கிற அடிப்படை என்னவென்றால், பிள்ளையோட நேரம் தகவலைத் தேடுவதில் போகக் கூடாது, கிடைத்த தகவலை வைத்து யோசிப்பதில் போகணும். கல்லூரிப் பையனுக்குத் தேடுவதும் ஒரு பயிற்சிதான். நாலாவது படிக்கிற பிள்ளைக்குத் தேடல் பெட்டி என்பது நடுரோட்டில் இறக்கிவிட்ட மாதிரி. எந்த வண்டி எந்தப் பக்கம் இருந்து வரும் என்று அதுக்குத் தெரியாது.

இதைச் சொல்லும்போது என் தோழி ஒருத்தி, அவளும் ஆசிரியைதான், மறுத்தாள். "பிள்ளைகளைக் கம்ப்யூட்டரோட விட்டாலே போதும், அதுகளே கத்துக்கும். சுகதா மித்ரா நிரூபிச்சிருக்காரே" என்றாள். உண்மைதான். 1999ஆம் ஆண்டில் டெல்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தவர் அவர். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதை இயக்கக் கற்றுக்கொண்டாங்க. பிறகு புதுச்சேரிப் பக்கம் கலிக்குப்பம் கிராமத்தில், தமிழ் மட்டுமே பேசுகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் போட்டு வைத்துவிட்டுப் போனார். ரெண்டு மாசம் கழித்து வந்து பார்த்தால் பூஜ்யத்தில் இருந்தவங்க முப்பது மதிப்பெண் வாங்கினாங்க.

என் தோழி கதையை அங்கே நிறுத்திவிட்டாள். முப்பது போதாது என்று மித்ரா என்ன செய்தார்? அந்த ஊரில் கணக்கு வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணைப் பிள்ளைகளோடு இருக்கச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பாடம் தெரியாது. பக்கத்தில் நின்று, 'அட, இது எப்படிப் பண்ணினே, எனக்கும் காட்டு' என்று பாட்டி கேட்கிற மாதிரிக் கேட்டால் போதும். இன்னும் ரெண்டு மாசத்தில் மதிப்பெண் ஐம்பது ஆச்சு. சுவர்க் கணினிகளின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். பயல் அரோரா என்கிற ஆய்வாளர் உத்தரகாண்டில் அல்மோராவிலும் ஹவல்பாகிலும் அந்தக் கணினிகள் இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்து 2010ஆம் ஆண்டில் எழுதினார். அங்கே அவை பயன்பாட்டிலேயே இல்லை, அடையாளம்தான் மிச்சம். எனக்கு ரெண்டில் இருந்தும் கிடைத்த பாடம் ஒன்றுதான். கருவி மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் ஆள் வேணும்.

இன்னொன்றும் யோசித்தேன். நமக்கு இது அந்நியமான முறையும் இல்லை. 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்ததே, ஞாபகம் இருக்கா? ஏணிப்படி, அட்டைகள், தட்டு. பிள்ளை தானே அட்டையை எடுத்து, செய்து, அடுத்த படிக்குப் போகும். அந்த அட்டையில் ஒரு கியூஆர் குறியை ஒட்டினால் பாதி வெப்குவெஸ்ட் ஆயிரும். நம்ம பாடப்புத்தகத்திலேயே 2018இல் இருந்து கியூஆர் குறி இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பழகின பொருள்.

ஆடிப்பெருக்கில் கிடைத்த யோசனை

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க. ஊரே அச்சு மை வாசமா இருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளை ஒருத்தனோட அப்பா காலண்டர் அட்டை வேலை பார்க்கிறவர். அவன் பழைய மாதிரித் தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். சாமி படம், குழந்தை படம், ஸ்விட்சர்லாந்து மலை. "டீச்சர், நம்ம ஊருல அடிக்கிற காலண்டர்ல நம்ம ஊரு படமே இல்ல" என்றான்.

பணி கிடைத்திருச்சு. 'நம்ம வட்டாரத்துக்கு ஒரு மாதக் காலண்டர். பன்னிரண்டு தாள். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கேள்வி, நாமே வரைந்த ஒரு படம், நம்ம சொந்த வார்த்தையில் நாலு வரிப் பதில். டிசம்பருக்குள் முடியணும், ஏன்னா ஜனவரியில் மாட்டணும்.' காலக்கெடுவை நான் விளக்கவே தேவைப்படவில்லை. தேதி தப்பினால் காலண்டர் பழைய பேப்பர் என்பது சிவகாசிப் பிள்ளைக்குத் தெரியாதா?

கேள்விகளைப் பிள்ளைகளும் நானும் சேர்ந்து எடுத்தோம். சிலதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதத்துக்கு: நம்ம மாவட்டத்துக்கு எத்தனை வயசு? 1985 மார்ச் 15இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது பிறந்தது, முதலில் காமராசர் பெயர்தான் இருந்தது என்று கண்டுபிடித்தாங்க. ஜூலைக்கு: விருதுநகரில் 1903 ஜூலை 15இல் பிறந்து, பள்ளிப் படிப்பையே பாதியில் விட்ட ஒருத்தர் ஏன் பள்ளிக்கூடமாக் கட்டினார்? இன்னொரு மாதத்துக்கு: வெம்பக்கோட்டையில் மண்ணுக்குள் என்ன இருக்கு? வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கினது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை எல்லாம் கிடைத்தது. ஆலை வேன் தினம் போகிற ரோட்டுப் பக்கம் இவ்வளவு பழைய ஊர் இருந்ததா என்று பிள்ளைகளுக்கு வாய் மூடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணிலுக்கு ஒரு தாள். 1988இல் அதுக்காகவே சரணாலயம் அறிவித்தாங்க என்றதும், "அணிலுக்குத் தனியா காடா டீச்சர்?" என்று ஒரே சந்தோஷம்.

அக்டோபருக்கு: பட்டாசு ஏன் நம்ம ஊரில்? இதுக்கு இணையம் மட்டும் போதவில்லை. தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்து, பள்ளி வாசலில் வைத்து, தினம் அளந்து எழுதினாங்க. வானிலைத் துறைப் பக்கத்தில் இருந்து நான் எடுத்து வைத்த தகவலோடு சேர்த்துப் பார்த்தாங்க. நம்ம பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான், மிச்ச மாசமெல்லாம் காய்ச்சல்தான் என்று புரிந்தது. "மழை இல்லாததால விவசாயம் இல்ல. விவசாயம் இல்லாததால ஆலை. மழை இல்லாததாலதான் வெடியும் காயுது" என்று ஒரு பையன் எழுதினான். ஒரு காரணம் ரெண்டு பக்கம் வேலை செய்கிறதைப் பாருங்க. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எப்படி நடத்தினேன்

செய்து பார்க்க நினைக்கிறவங்களுக்காக நடைமுறையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூணே ஆதாரம். ரெண்டு இணையப் பக்கம், ஒரு மனுஷர். பக்கங்களை நான் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் கொடுப்பேன். பக்கத்து ஓரத்தில் என்ன விளம்பரம் வருகிறது, கீழே என்ன படம் வருகிறது என்பது உள்பட. நல்ல பக்கமாக இருந்து மொழி கடினமாக இருந்தால், பத்து வரியில் எளிமையா எழுதி அட்டையில் ஒட்டிவிடுவேன். எல்லாப் பக்கத்தையும் டேப்லெட்டில் சேமித்து வைத்துக்கொள்வேன். ஏனென்றால் இணைப்பு எப்போ போகும் என்று தெரியாது. இணையப் பக்கமே ஒருநாள் காணாமல் போகும். ஆகஸ்டில் கொடுத்த ஒரு சுட்டி அக்டோபரில் திறக்கவில்லை.

ஒரு குழுவில் நாலு வேலை. வாசிக்கிறவர், விசாரிக்கிறவர், சரிபார்க்கிறவர், வரைகிறவர். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம் இல்லையா, நான் குழுவை அப்படிப் பிரிக்கவில்லை. மூணு நிலையும் கலந்து போட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறுகிற ஒரு பையன் விசாரிக்கிறவனா இருந்தான். அவனை மாதிரிப் பெரியவங்ககிட்ட வாயைக் கிளறுகிறதுக்கு என் வகுப்பில் ஆளே கிடையாது. அவன் கேட்டு வந்ததை எழுத இன்னொருத்தன் உட்கார்ந்தபோது, அவனுக்குத் தன் சொல் எழுத்தாகிறதைப் பார்க்கிற ஆசையில் வாசிப்பும் கொஞ்சம் வந்தது.

ஒரு டேப்லெட்தான் இருக்கிறது. குழுவுக்குக் கால் மணி நேரம். மற்ற குழு அந்த நேரத்தில் வரையும், எழுதும், மழைமானி பார்க்கும். வாரத்துக்கு ரெண்டு வகுப்புதான். பாடம் பின்தங்கவில்லை. தமிழ், சூழ்நிலையியல், கணக்கு மூணும் இதுக்குள்ளேயே வந்திருச்சு.

மதிப்பீட்டுக்கு மூணு நட்சத்திரம். சொந்த வார்த்தையில் எழுதினால் ஒண்ணு. யார் சொன்னது என்று எழுதினால் ஒண்ணு. ரெண்டு ஆதாரம் வேறு வேறயாச் சொல்லி, அதை மறைக்காமல் எழுதினால் ஒண்ணு. மூணாவது நட்சத்திரம்தான் கஷ்டம். முதல் மாசம் யாருமே வாங்கவில்லை. திரையில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதின தாள்கள் நிறைய வந்தன. திருப்பிக் கொடுத்தேன். மூணு தாள் கடைசி வரைக்கும் சுமாராத்தான் இருந்தது. அதையும் சொல்லிடணும்.

சொல் பட்டியல் ஒன்று சுவரில் தொங்கவிட்டோம். இடது பக்கம் ஊர்ச் சொல், வலது பக்கம் இணையத்துக்குத் தெரிந்த சொல். 'மருந்து' என்பதுக்கு நேரா 'வெடி ரசாயனக் கலவை'. 'ஆபீஸ்' என்பதுக்கு நேரா 'தீப்பெட்டித் தொழிற்சாலை'. ஊர்ச் சொல்லைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ரெண்டுமே சரி, யாரோட பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது என்றேன்.

அம்மாச்சி பெயர் ஏன் இல்லை?

மூணாவது நட்சத்திரம் முதலில் கிடைத்த கதை இது. 'தீப்பெட்டி நம்ம ஊருக்கு எப்போ வந்தது?' என்பது கேள்வி. இணையப் பக்கத்தில், சிவகாசியில் இருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ரெண்டு பேரும் 1923ஆம் ஆண்டில் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்து தொழில் தொடங்கின வரலாறு இருந்தது. நல்ல கதை. தொழில் தெரியாத ஊரில் இருந்து ரயில் ஏறிப் போய்க் கற்று வந்தவங்க.

விசாரிக்கிற பையன் தன் அம்மாச்சிகிட்டக் கேட்டான். அவங்க கல்கத்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வயசில் விடியக்காலை இருட்டில் ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோட ஏறினது, கட்டையில் குச்சி அடுக்கினது, ராத்திரி வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டினது, இதைச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்தை வெளியில் இருந்து பார்த்ததோட சரி. பையன் ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்கிட்டக் கேட்டான்: "டீச்சர், இதுல இவங்க பேரெல்லாம் இருக்கு. எங்க அம்மாச்சி பேரு ஏன் இல்ல?"

என்கிட்டப் பதில் இல்லை. "நீ எழுதினா இருக்கும்" என்றேன். அந்தத் தாளில் மேல் பாதியில் 1923, கீழ் பாதியில் அம்மாச்சி.

அந்தக் கேள்வி அடுத்த தாளுக்கு இழுத்துக்கொண்டு போனது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. எம்.சி. மேத்தா என்கிற வழக்கறிஞர் சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்டணும், பிள்ளை பள்ளிக்குப் போகணும். அந்தத் தீர்ப்பு நம்ம ஊரை வைத்து நாடு முழுமைக்கும் வந்தது. டிசம்பர் தாளில் பிள்ளைகள் எழுதின கடைசி வரி: 'அதனால்தான் நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.'

அந்தப் பொண்ணு எடுத்த தாள்

விபத்தைப் பற்றி ஒரு தாள்கூட வைக்க வேண்டாம் என்றுதான் நான் முடிவு பண்ணியிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது ஓர் அம்மா எழுந்து, "மறைச்சு வச்சா மட்டும் தெரியாம இருக்குமா டீச்சர்? சத்தம் கேட்டா பிள்ளைகதான் முதல்ல எந்தப் பக்கம்னு பாக்குது" என்றாங்க. நியாயம்தான். அதனால் கேள்வியை மாற்றினோம். என்ன நடந்தது என்று கேட்காமல், நடக்காமல் இருக்க என்ன விதி இருக்கு என்று கேட்டோம்.

அந்தத் தாளை அந்தப் பொண்ணே கேட்டு வாங்கினாள். நான் முதலில் அவங்க அம்மாகிட்டப் போய்ப் பேசினேன். "படிக்கட்டும் டீச்சர்" என்றாங்க. ஆதாரப் பக்கங்களில் ஒரு விபத்துப் படமும் இல்லாமல் நானே தயார் பண்ணினேன். பருத்தித் துணிதான் போடணும், நைலான் உரசினால் பொறி வரும். செல்போன் கொண்டுபோகக் கூடாது. மருந்தைத் தரையில் இழுக்கக் கூடாது. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பசுமைப் பட்டாசுப் பெட்டியில் இருக்கிற கியூஆர் குறியையும் காலிப் பெட்டியில் இருந்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தாங்க.

மூணாவது ஆதாரம் ஒரு மனுஷர் இல்லையா. அவள் தன் அம்மாவையே விசாரித்தாள். "உங்க ரூம்ல எத்தனை பேரும்மா?" அம்மா "நாலு" என்றாங்க. அவள் அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில், வேன் வருகிறதுக்கு முன்னாடி, அந்த அம்மா பள்ளி வாசலில் நின்னாங்க. "டீச்சர், நான் நாலுன்னு பொய் சொல்லிட்டேன். தீபாவளி நேரத்துல அப்படி இருக்காது. ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி மாட்டிக்கிட்டோம். இதையும் அவ எங்கேயாவது படிச்சா?" என்றாங்க.

உண்மையைச் சொல்றேன், எனக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளையை வீட்டில் போய் விசாரிக்கச் சொல்வது நமக்கு ஒரு செயல்பாடு. அந்த வீட்டுக்கு அது வாழ்க்கை. அந்த எண்ணைத் தாளில் போட்டால் அந்த அம்மாவுக்கு வேலை போகலாம். போடாவிட்டால் நான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த மூணாவது நட்சத்திரம் பொய். நான் அவங்ககிட்ட ஒன்றுதான் சொன்னேன்: "தாள்ல வர்றதை நான் பாத்துக்கிறேன். அவகிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க."

அன்றைக்கு ராத்திரி அவங்க சொல்லிட்டாங்க. சித்தப்பாவைப் பற்றியும் முழுசாச் சொல்லிட்டாங்க. அந்தத் தாளில் விதி மட்டும் போட்டோம், யார் அறையில் எத்தனை பேர் என்று போடவில்லை. நாங்கள் மூணு பேரும் பேசி எடுத்த முடிவு. கடைசி வரியை அவளே எழுதினாள்: 'இந்த விதி உங்கள் அறையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.'

அந்தக் காலண்டரை நாற்பது பிரதி எடுத்தோம், கறுப்பு வெள்ளையில்தான். வண்ணத்தைப் பிள்ளைகள் கையால் தீட்டினாங்க. எல்லா வீட்டுக்கும் ஒன்று போனது. அந்தத் தாள் நவம்பரில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பிள்ளைகள் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் மூணு மாசம் அவசர வேலை நடக்கும், அதனால் ஆகஸ்டில் வைக்கணும் என்றாங்க. அவங்க சொன்னதுதான் சரி.

கடைசியா

இணையத்தில் ஆராய்ச்சி என்றால் கருவி, வேகம், செயலி என்று பேச்சு அங்கேயே போகும். என் அனுபவத்தில் அது கடைசி விஷயம். கேள்வியைப் பிள்ளையோட ஊரில் இருந்து எடுங்க. பக்கங்களை நீங்க முழுசா வாசிக்காமல் கொடுக்காதீங்க. மூணில் ஓர் ஆதாரம் மனுஷரா இருக்கட்டும். அந்த மனுஷருக்கு உங்க கேள்வியால் என்ன ஆகும் என்று பிள்ளையை அனுப்புகிறதுக்கு முன்னாடி யோசிங்க. நான் அதைப் பின்னாடிதான் யோசித்தேன்.

அடுத்த வருஷம் அதே காலண்டரைப் புதுப் பிள்ளைகள் எடுத்து, எந்த வரி இப்போதும் சரி, எந்த வரி மாறியிருக்கு என்று பார்க்கப் போறாங்க. அதுவே அவங்களுக்கு அறிமுகப் பணி. அந்தப் பொண்ணு இப்போ ஆறாவது, பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போயிட்டா. போன வாரம் வழியில் பார்த்தேன். "டீச்சர், மருந்துன்னு தேடினா இன்னும் மாத்திரைதான் வருது" என்று சிரிச்சா.